முதலில் எந்த ரோடு?

மண் சரியும் நாட்களுக்கு எங்கள் பிரதேச சபையில் ஒரு வரிசை உண்டு. முதலில் மெயின் ரோடு, அடுத்து ஆஸ்பத்திரி ரோடு, பிறகு பஸ் ஓடும் ரோடுகள், கடைசியில் தோட்டத்து ரோடுகள். மண் அள்ளும் பெக்கோ ஒன்றுதான். அதை ஓட்டுபவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் வரிசை எனக்கு மனப்பாடம். ஒரு மழையில்தான் அது குழம்பிப்போனது.

கந்தப்பளையைத் தாண்டி மெயின் ரோட்டில் ஒரு வளைவு முழுக்க மண். அந்தப் பக்கம் பஸ்களும் மரக்கறி லொறிகளும் நின்றன. அள்ளும் மண்ணை ஏற்றிப்போக டிப்பர் ஒன்றும் கிடைக்கவில்லை.

"பள்ளத்துல தள்ளுங்க," என்றார் இன்ஜினியர்.

எட்டிப் பார்த்தேன். நேர் கீழே தோட்டத்து ரோடு. அது சுற்றி ஏறி, சரிவுக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டில் சேரும். லயத்தில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்கள் அதில் சரிந்த மண்ணை மம்பட்டியால் வெட்டித் துப்புரவாக்கி முடிக்கும் நேரம்.

"சேர், கீழ ரோடு இருக்குங்க."

"அது கடைசி. பிறகு பார்ப்போம்."

எனக்குப் பெரிய ஆட்களோடு பேச வராது. லீவரில் கை வைத்தேன். அதற்குள் செல்வம் என்பவர் கீழிருந்து சேறோடு ஏறி வந்தார்.

"அண்ணே, தள்ளிறாதீங்க! என் சம்சாரத்துக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகணும். போன தடவையே மழையில விட்டுப்போச்சு. ஒடம்பெல்லாம் வீங்கி, கீழ ஆட்டோவுல கெடக்கா."

தள்ளினால் அவர்கள் ரோடு மூடிவிடும். தள்ளாவிட்டால் மெயின் ரோடு திறக்காது. அவர்களும் அதில்தான் போகவேண்டும்.

"வெரசா அள்ளுங்கண்ணே," என்றார் செல்வம். உடனே, "ஆனா தள்ளாதீங்க," என்றார்.

அந்தப் பக்கமிருந்து ஒரு லொறிக்காரர் கத்தினார்: "என்னண்ணே, மண்ணு தூங்குதா? எழுப்பக் கூடாதுன்னு பாக்குறீங்களா?"

கடைசியில் நான்தான் மெதுவாகச் சொன்னேன். "சேர், அவங்க ஆட்டோ மொதல்ல மேல வந்து நிக்கட்டுங்க. அப்புறம் தள்ளுறேன்."

இன்ஜினியருக்குப் பிடித்தது. செல்வம் கும்பிட்டார். ஆட்டோ மேலே வந்ததும் தள்ளினேன். ரோடு திறந்ததும் அதைத்தான் முதலில் விட்டார்கள்.

"வெட்டுனதெல்லாம் போச்சு. பரவால்ல, அந்தப் புள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சுல்ல," என்று கீழே நின்றவர்கள் சிரித்தார்கள்.

சாயங்காலம் அங்கேயே, ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடும் கானை வெட்டிக்கொண்டிருந்தேன். ஆட்டோ என்னைக் கடந்து, தோட்டத்து ரோட்டில் இறங்கி, மண்மேட்டின் முன்னால் நின்றது. செல்வம் இறங்கி மண்ணைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"அண்ணே, இப்ப நாங்க எப்படிங்க வீட்டுக்குப் போறது?"

நான் இன்ஜினியரைப் பார்த்தேன். அவர் மண்ணைப் பார்த்தார். காலையில் அத்தனை பேர் இருந்தோம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. இப்போது ஆஸ்பத்திரி ரோட்டிலும் மண் சரிந்துவிட்டது, உடனே வரும்படி போன் அடித்துக்கொண்டே இருந்தது. லயத்து ஆட்கள் ஒரு நாற்காலி கொண்டுவந்து, செல்வத்தின் சம்சாரத்தை உட்காரவைத்து, முழங்கால் சேற்றில் தூக்கிப்போனார்கள்.

இன்றும் வரிசை அதேதான். அது சரியா பிழையா என்று எனக்கு விளங்கவில்லை. பக்கெட்டைத் தூக்கும் முன்னால் ஒன்றை மட்டும் கேட்கப் பழகிவிட்டேன்: "சேர், போறவங்க திரும்பி வரணும்லங்க?"

சிலர் சிரிப்பார்கள். சிலர் என்னைப் போலவே பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார்கள்.