யுகாதிக்கு மறுநாள் வைத்த சைவத் திருவிழா

பெங்களூரில் லிங்கராஜபுரத்தைத் தாண்டி இருந்த எங்கள் லேஅவுட்டில் எத்தனை பாஷைக்காரர்கள் இருந்தார்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலேயே ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், எதிரில் தக்னி உருது பேசுகிறவர்கள், முனையில் ஒரு பெங்காலித் தம்பதி, நடுவில் நாங்கள். தாத்தா காலத்தில் மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள். வீட்டுக்குள் தமிழ், கேட்டைத் தாண்டினால் கன்னடம், கோபம் வந்தால் எது முதலில் வாயில் வருகிறதோ அது.

தொண்ணூற்றெட்டில் லேஅவுட் சங்கத்தில் ஒரு திருவிழா நடத்தலாம் என்று பேச்சு வந்தது. அவரவர் ஊர்ச் சாப்பாடு, அவரவர் ஊர் ஆட்டம், எல்லாம் ஒரே மைதானத்தில். மீட்டிங்கில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத காரணத்தால் நானும் கமிட்டியில் இருந்தேன். அந்த வருஷம் யுகாதி சனிக்கிழமை வந்தது. மறுநாள் ஞாயிறு. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், பண்டிகை சந்தோஷம் மிச்சமிருக்கும், அன்றே வைத்துவிடலாம் என்று முடிவானது. யார் மனதும் நோகக் கூடாது என்று எல்லா ஸ்டாலிலும் சைவம்தான் என்றும் சொல்லிவிட்டோம். எங்கள் தலைவர் ரிட்டையர்டு இன்ஜினியர், அசல் கன்னடக்காரர். ஆனால் பூண்டுகூட வாசலைத் தாண்டாத வீடு. அவருக்கே தேதியில் ஆட்சேபம் இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கப் போகிறது?

வீட்டுக்கு வந்து தேதியைச் சொன்னேன். அம்மா தலையாட்டினாள். தம்பியின் மனைவி முகம் மட்டும் சட்டென்று வாடிப்போயிற்று.

அவள் எலகங்கா பக்கத்துக் கவுடர் வீட்டுப் பெண். தம்பியோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவள். ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் அப்பா போனில் பேசுவார். அம்மா பேச மாட்டார். மகள் போன வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாராம். ஒவ்வொரு முறை பேசி முடிக்கும்போதும் இவள், "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்று கன்னடத்தில் கேட்பாள். கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவாள்.

திருவிழா என்றதும் அவளுக்கு ஒரு யோசனை வந்திருந்தது. "அம்மா வீட்டுக்குத்தானேக்கா வர மாட்டாங்க. கிரவுண்டுக்கு வரலாமில்ல?" என்று என்னிடம் கேட்டாள். தன் அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். பார்க்கலாம் என்றாராம் அவர். அதிலிருந்து ஆளே வேறு மாதிரி ஆகிவிட்டாள், பாத்திரம் தேய்க்கும்போதுகூடப் பாட்டு. தேதி தெரிந்ததும் பாட்டு நின்றுவிட்டது.

"ஏன், அந்த ஞாயித்துக்கிழமை வேண்டாமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா. நல்ல நாள்தான்."

நல்ல நாள் என்பதை அப்படி ஒரு முகத்தோடு சொன்னவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கோ ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் சாப்பாடு இறங்காது. இரண்டு மூன்று தடவை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றினாள்.

ஞாயிறு காலை வாழையிலை வாங்க சிவாஜிநகர் போனேன். மட்டன் கடைகளில் கூட்டம் தெருவுக்கு வந்து, திரும்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் வரை நின்றது. பல பேர் முந்தின நாள் போட்ட புதுச் சட்டையோடேயே பையும் கையுமாக நின்றிருந்தார்கள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், யுகாதிக்கு மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போனதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரிசையில் நின்ற ஒருவரிடம் என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"நேத்து யுகாதி இல்லீங்களா மேடம்?" என்றார், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்பதுபோல.

யுகாதி நேற்று என்றால் கறி எதற்கு இன்று? இலைக்கட்டை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மைதானம் பார்க்க அழகாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நாங்கள் புளியோதரை வைத்திருந்தோம். பெங்காலி வீட்டில் பாயசம். கிறிஸ்தவக் குடும்பம் டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற கல்கலாப் பலகாரத்தை மார்ச்சில் பொரித்து அடுக்கியிருந்தது. எதிர் வீட்டம்மா, சைவ பிரியாணி என்று எழுதத் தன் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொல்லி, குஸ்கா என்று எழுதி வைத்திருந்தார். மேடையில் ராமநகரம் பக்கத்திலிருந்து வந்த டொள்ளு குணிதா ஆட்டக்காரர்கள் அந்தப் பெரிய மேளங்களை அடித்தபோது ஸ்டாலில் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன. முதல் ஆட்டம் முடிந்ததும் அவர்களின் தலைவர் என்னிடம் வந்து, "பன்னெண்டு மணிக்கு விட்டுடுவீங்களாம்மா? ஊர்ல காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார். இன்று என்ன அவசரம் என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே மேளத்தை எடுக்கப் போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்கு மைதானத்தில் ஸ்டால்காரர்களைத் தவிர ஆளே இல்லை. நான் பெங்காலிப் பாயசம் சாப்பிட்டேன், பெங்காலிக்காரர் எங்கள் புளியோதரை சாப்பிட்டார், இருவரும் போய் குஸ்கா வாங்கினோம். வெயில் ஜாஸ்தி, அதனால்தான் ஜனம் வரவில்லை என்று தலைவர் ஒவ்வொரு ஸ்டாலாகப் போய்ச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பியின் மனைவி கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் விடுவதில்லை என்று அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னிக்கு என்ன நாள்? ஒழுங்கா சொல்லு."

"ஹொசதொடகுக்கா" என்றாள். "நேத்து சாமிக்கு. இன்னிக்கு எங்களுக்கு. எங்க ஆளுங்க வீட்ல இன்னிக்கு கறி இல்லாம அடுப்பு எரியாது. சாப்பிட்டுட்டு ஆம்பளைங்க சீட்டு ஆட உக்காந்துடுவாங்க. யாரும் வெளிய வர மாட்டாங்க."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"முட்டைகூட வராத வீட்ல வந்து, எங்களுக்கு மட்டன் பண்டிகை இருக்குன்னு எப்படிக்கா சொல்றது?"

பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "இன்னிக்கு என்ன நடக்குதோ அதேதான் வருஷம் பூரா நடக்கும்னு சொல்வாங்க. அதனால சண்டை போட மாட்டாங்க, அழ மாட்டாங்க. அம்மா இன்னிக்கு வரலைன்னா..."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தலைவர் மேல், கமிட்டி மேல், எங்கள் வீட்டின் மேல். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறோம். எந்த ஹோட்டலில் எத்தனை மணிக்கு தோசை முறுகலாக வரும் என்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரனின் பண்டிகை இரண்டு நாள் என்பது தெரியாது. முதல் நாள் ஒப்பட்டு, அதாவது போளி, அனுப்புவார்கள், வாங்கிச் சாப்பிடுவோம். இரண்டாம் நாள் வாசனை வரும், ஜன்னலைச் சாத்திக்கொள்வோம்.

ஒன்றரை மணி இருக்கும், கேட்டுக்கு வெளியே ஒரு ஆட்டோ வந்து நின்றது. பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக ஒரு அம்மாள் இறங்கினார். கையில் பெரிய டிபன் கேரியர். கேட்டில் நாங்கள் மூன்று பாஷையில் மாட்டியிருந்த 'சுத்த சைவம்' போர்டைப் படித்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

இவள் ஓடினாள். அம்மாள் வாட்ச்மேனின் பெஞ்சில் கேரியரைப் பிரித்தார். களி உருண்டையைக் கிள்ளி, கறிக் குழம்பில் தோய்த்து, மகளின் வாயில் வைத்தார். ஒரு வருஷமாக எங்கள் வீட்டு ரசத்தையும் கூட்டையும் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டவள், அந்தக் கவளத்தை மென்றுகொண்டே அழுதாள்.

"இன்னிக்கு அழக் கூடாது" என்று அந்த அம்மாள் கன்னடத்தில் அதட்டினார்.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் அம்மா ஒரு தட்டில் புளியோதரையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே போனாள். "வாங்க சம்பந்தி" என்று நல்ல கன்னடத்தில் சொல்லித் தட்டை நீட்டினாள். அந்த அம்மாள் தட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, நின்றபடியே முழுவதும் சாப்பிட்டார். எண்ணெய் கொஞ்சம் கம்மி என்றார். அம்மாவும் ஆமாம் என்று ஒப்புக்கொண்டாள்.

பிறகு, யாரையும் பார்க்காமல், "மனெ எல்லி?" என்று கேட்டார். வீடு எங்கே?

தம்பியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வலித்தன.

"அதோ, மூணாவது தெருதான். நடந்தே போயிடலாம்" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் கேரியரை அடுக்கி மூடினார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. திரும்பிப் போகும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மகளோடு நடந்தார். அம்மாவும் நாலு அடி நடந்தாள். நின்றாள். திரும்பி வந்து, வாட்ச்மேன் கையிலிருந்து கேரியரை வாங்கிக்கொண்டாள். மட்டன் கடை இருக்கிற பக்கம் வேண்டாம் என்று தெருவின் எதிர் ஓரமாகவே நடக்கிறவள் அவள்.

"இங்க வெயில்ல வச்சா கெட்டுப்போயிடும். அவ ராத்திரிக்கும் சாப்பிடணுமில்ல?" என்றாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, "என்ன பாக்கறே? கை கழுவ வீட்ல சோப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.