மருந்து ரூமுக்கு சாக்லேட் பால்

1. ருசி பார்த்த நாள்

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன். பேர்தான் ஆபீசர், பாதி நாள் கேன்டீன் வேலை. வெடிமருந்து கலக்கிற மருந்து ரூமில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானம் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுப்பது எங்கள் கம்பெனி வழக்கம். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு தீபாவளி சீசனில் அந்தப் பாலை யாரும் முழுதாகக் குடிக்கவில்லை. மருந்து நெடியோடு வெறும் பால் குமட்டுகிறது என்றார்கள். பாதிப் பாலை வேப்பமரத்தடியில் கொட்டினார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, சாக்லேட் பாலாக மாற்றலாம், நல்லதாக நீங்களே பார்த்து எடுங்கள் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ருசி விஷயத்தில் வீட்டில் என்னை யாரும் மதிப்பதில்லை, கம்பெனியாவது மதித்ததே.

இரண்டு சாம்பிள் வந்தது. ஒன்று, வெம்பக்கோட்டை ரோட்டில் புதிதாக வந்த பெரிய பண்ணையுடையது. கண்ணாடி பாட்டில், கெட்டியான பால், குடித்து முடித்ததும் நாக்கில் லேசாக ஒரு கசப்பு நிற்கும். நல்ல கோகோவுக்கு அதுதான் அடையாளம். இன்னொன்று, பக்கத்து ஊரில் பெண்கள் நடத்திய சிறிய பால் சங்கத்தில் இருந்து வந்தது. தண்ணீராக இருந்தது, கோகோ அடியில் திப்பி திப்பியாகக் கிடந்தது.

பெருமையில் தலைகால் புரியாமல், பாட்டில் திறக்கிற ஓப்பனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே மருந்து ரூம் பக்கம் ஆள் கூப்பிடப் போய்விட்டேன். இரும்பு உரசி ஒரு பொறி வந்தால் போதும், எல்லாரும் போய்ச் சேர. ஃபோர்மேனிடம் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கேன்டீனில் வைத்துக் குடித்துப் பார்த்த எல்லாரும் பண்ணைப் பாலுக்கே கை தூக்கினார்கள். தாயில்பட்டியிலிருந்து வரும் முத்துமாரி மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

“நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா அந்தப் பண்ணைல கண்டுக்குட்டிய மாட்டுக்கிட்டயே விடமாட்டாக. ஊசி போட்டுக் கறக்குறாக. ரெண்டும் கத்துற கத்து நாங்க போற பஸ்ஸுக்குள்ள கேக்கும்.”

2. பண்ணையும் சங்கமும்

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். மேனேஜர் நல்ல மாதிரியாகப் பேசினார். ஒரு சொட்டுத் தண்ணீர் கலப்பதில்லை என்றார், அது உண்மைதான். மிஷினெல்லாம் பளபளவென்று இருந்தது. கொட்டகைக்குப் பின்னால், வாய்க்கூடை போட்ட கன்றுகளைத் தனியாகக் கட்டியிருந்தார்கள். ஒரு பசு கயிறு இறுக அந்தப் பக்கமே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. கேட்டதற்கு, கன்று குடித்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்து நேரே சங்கத்துக்குப் போனேன். அங்கே முதலில் கன்றை விட்டார்கள், பிறகு கறந்தார்கள், கடைசியில் ஒரு காம்பைக் கறக்காமல் கன்றுக்கே விட்டார்கள். பால் நன்றாகத்தான் இருந்தது, அவர்களுக்குக் கைப்பக்குவம்தான் போதவில்லை. கோகோவை முதலில் கொஞ்சம் சூடான பாலில் விழுதாகக் குழைக்கச் சொன்னேன். பாலை இன்னும் சுண்டவைத்து, சீனியைக் குறைத்துக் கருப்பட்டி சேர்க்கச் சொன்னேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. அந்த ருசியை நினைத்தால் இப்போதும் நாக்கில் நீர் ஊறுகிறது. அதற்குப் பிறகு நான் குடித்த எந்த சாக்லேட் பாலும் அதற்கு ஈடில்லை.

3. சாவி

சங்கத்துப் பாலையே எடுக்கப்போகிறோம் என்ற செய்தியை முத்துமாரியிடம் நானே போய்ச் சொன்னேன். பாராட்டுவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவள் நனைந்திருந்த ஜாக்கெட்டின் மேல் சேலையை இழுத்து மூடிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினாள்.

“கண்டுக்குட்டிக்காக அம்புட்டு தூரம் போயி பாத்துட்டு வந்திருக்கீக. எம்பிள்ளைக்கு அஞ்சு மாசம் சார். ஏழு மணி பஸ்ஸுக்கு விட்டுட்டு வந்தா, பொழுதடையப் போய்த்தான் பால் குடுக்கேன். அதுவும் அப்டித்தான் கத்துதாம்.”

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கேட்டை ஒட்டி, மருந்து ரூம்களுக்கு வெகு தூரத்தில், ‘குழந்தைகள் காப்பகம்’ என்று போர்டு மாட்டிய அறை ஒன்று இருந்தது. உள்ளே கூரை வரைக்கும் லேபிள் கட்டு. இன்ஸ்பெக்‌ஷன் வரும் அன்று மட்டும் கட்டுகளை அகற்றி இரண்டு தொட்டில் கட்டுவோம். அந்த அறையின் சாவி என் மேஜை டிராயரில்தான் கிடந்தது. காப்பகம் நடக்கிறது என்று ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அன்று சாயங்காலமே முதலாளியிடம் போய், இனி அந்த ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நான் அப்படி ஒன்றும் தைரியசாலி இல்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“சரி, அம்புட்டு லேபிளையும் எங்கன வைக்க?”

என் ரூமில் வைக்கலாம் என்றேன். அந்த சீசன் முழுக்க லேபிள் கட்டுகளுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்துதான் வேலை பார்த்தேன். சர்வீஸிலேயே எனக்குப் பிடித்த சீசன் அதுதான்.

அடுத்த திங்கட்கிழமை முத்துமாரி பிள்ளையோடு வந்தாள். பத்து மணிக்கு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஜாக்கெட் மாற்றிக்கொண்டு, காப்பகத்துக்குள் போனாள். சற்று நேரத்தில் அழுகை நின்றது.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பால் வாங்கப் போகிற இடத்தில் கன்று எங்கே என்று கேளுங்கள். அதற்கு முன்னால், உங்கள் கேட்டுக்குள் வருகிற பெண்ணிடம் பிள்ளை எங்கே என்று கேளுங்கள். அதைக் கேட்க எனக்குப் பதினோரு வருட சர்வீஸ் ஆயிற்று.