பெனிட்டா போட்ட சோடாப் பாதை

பெனிட்டா தன் புருஷன் காலில் ஆசிட் ஊற்றிவிட்டுப் போனாள் என்று எந்த வாய் சொன்னது? வடிவாம்பாள்தானே? அவள் அன்றைக்குச் சுரக்குடியில் தங்கை வீட்டில் இருந்தாள். பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தவள் நான். எழுத்துத்தான் தெரியாது, கண் நன்றாகத் தெரியும். நான் சொல்கிறபடியே எழுது.

பெனிட்டா கருக்களாச்சேரிப் பெண். கெமிஸ்ட்ரி படித்தவள். பேட்டரிக் கடை வைத்திருக்கிற கிளாட்வினுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முன்னால் கடை, பின்னால் வீடு. வீட்டுக்கென்று தனி வாசல் கிடையாது. அவன் மேசையைத் தாண்டாமல் அவள் தெருவைப் பார்க்க முடியாது. அவன் எங்கே போனாலும் அவளை உள்ளே வைத்து ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவான். கடையில் ஆசிட் சிந்தினால் ஆப்பசோடா தூவித் துடைப்பது அவள் வேலை. சேலையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. "இதக் கட்டிக்கிட்டு எப்படி ஆயா பூசைக்குப் போறது?" என்று சந்து ஜன்னல் வழியாக என்னிடம் கேட்பாள். உள்ளே கிடக்கிறவளுக்குப் புதுசு எதுக்கு என்பான் அவன்.

அவளை ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் வேலைக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வரணும், இல்லையென்றால் வேறு ஆள். அந்தத் திங்கட்கிழமைதான் அவன் விடிந்ததும் பூட்டிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளே தடால் என்று சத்தம். அடி விட்டுப்போய்ப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தானே, அந்த ஆசிட் கேன்தான் விழுந்து அடி பிளந்தது. கடை முழுக்க ஓடிவிட்டது. நான்தான் ஆள் விட்டு அவனை வரவழைத்தேன்.

ஷட்டரைத் தூக்கியவன், "அங்கயே கெட. நாளைக்குக் காஞ்சிரும், அப்பறம் பாக்கலாம்" என்றான்.

"ஆசிட் காயாதுங்க. தண்ணிதான் வத்தும்."

டப்பாவில் இருந்த சோடாவை உள்ளேயிருந்து தூவினாள். புஸ்ஸென்று பொங்கி அடங்கியது.

"அதான் அடங்கிருச்சுல்ல? உள்ள போடி!" கடைக்குள் மாதா படம் இருக்கிறது, செருப்போடு ஏறமாட்டான். படியில் செருப்பை விட்டுவிட்டு, அவளை உள்ளே தள்ளுவதற்காகக் கடைக்குள் வைக்கக் காலைத் தூக்கினான்.

"வைக்காதீங்க! தீந்தது சோடா. ஆசிட் இன்னும் இருக்கு!"

"எனக்கே பாடம் நடத்துறியா?"

வைத்தான். அலறிக்கொண்டு வெளியே குதித்தான்.

"ஆயா, தண்ணி! சோடா வேணாம், தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்க!" இதைக் கத்தினது யார்? அவள்தான். குழாயடியில் உட்கார வைத்து ஊற்றினது நான். தோலோடு போயிற்று.

மளிகைக் கடை நூர் அகமது ஆப்பசோடா பாக்கெட்டையெல்லாம் அள்ளிவந்து உள்ளே வீசினார். தூவத் தூவப் பொங்கியது.

"இன்னும் எவ்வளவுடி கொட்டுவ?" என்றேன்.

"சோடா சாது ஆயா, ஆசிட் முரடு. துளி முரடு மிச்சம் இருந்தாலும் புதுசாப் போட்டா பொங்கும். போட்டும் பொங்கலன்னாத்தான் கால் வைக்கலாம்."

குனிந்து குனிந்து, ஓராள் நடக்கிற அகலத்துக்குத் தூவிக்கொண்டே வந்தாள். இருமல் விடவில்லை. வாசல் ஓரத்தில் போட்ட பிடி மாவு மாதிரி அப்படியே கிடந்தது. இன்னொரு பிடி போட்டுப் பார்த்தாள். அதுவும் கிடந்தது.

கிளாட்வின் குழாயடியிலிருந்து கத்தினான். "படி எறங்குன, திரும்ப ஏற முடியாது!"

"சரிங்க" என்றாள். இறங்கிவிட்டாள்.