ஜங்காரில் நின்ற பிரியாணி வேன்

பதினொன்று பத்துக்கு எங்கள் வேன் ஜங்காரின் மேல் உயிரை விட்டது. ஃபோர்ட் கொச்சியில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு அக்கரையில் வைப்பினில் இறக்கிவிடும் தட்டையான இரும்புப் படகுதான் ஜங்கார். முதலில் ஏறியவர்கள் நாங்கள். ஆகவே முதலில் இறங்க வேண்டியவர்களும் நாங்களே. எங்களுக்குப் பின்னால் இரண்டு மீன் லாரிகள், ஒரு ஜீப், நிறையச் சைக்கிள்கள். நாங்கள் நகராமல் எவரும் நகர முடியாது.

வேனுக்குள் மூன்று தேக்சா, அதாவது மூன்று பெரிய அண்டா, பிரியாணி இருந்தது. லுஹர் என்னும் நடுப்பகல் தொழுகை முடிந்ததும் கல்யாண வீட்டில் பந்தி.

மட்டாஞ்சேரியில் எங்களைப் போன்ற தமிழ் ராவுத்தர் வீடுகளில் கல்யாணம் என்றால் என் அத்தாவின் பிரியாணிதான். ஆனால் கடல்வாய்க்கு அப்பால், ஒரு மலையாளி வீட்டிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது அதுவே முதல் தடவை. "தமிழன்டெ பிரியாணி ஒண்ணு பார்க்கட்டே" என்று பெண்ணின் தகப்பனார் சொல்லியிருந்தார். அதை அத்தா ஒரு வாரமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், அதே குரலில்.

அத்தாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பிரியாணியை வீட்டிலேயே தம் போட்டு முடித்துக் கொண்டுபோக மாட்டார். தேக்சாவின் வாயை மைதா மாவால் ஒட்டி, மூடியின் மேல் சிரட்டைக் கனலைக் கொட்டி, அப்படியே வேனில் ஏற்றுவார். கனல் வழி நெடுக வேலை செய்யும். கல்யாண வீட்டு வாசலில் மாவை உடைக்கும்போது ஆவி பந்தல் வரை எழும்ப வேண்டும். அந்த ஆவிதான் தன் விலாசம் என்பார். ஆகவே பின்னால் மூன்று தேக்சாக்கள் தலையில் நெருப்போடு உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு நடுவே அம்மா, கையில் ஓலை விசிறியோடு.

முன்னால் அத்தாவும் நானும். எங்களுக்கு இடையில் எஞ்சின்.

அது பழைய பெட்ரோல் வேன். எஞ்சின் இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கும். மூடியைத் தூக்கினால் கார்புரேட்டர் தெரியும். அதன் அச்சு தேய்ந்து, வேண்டாத காற்றெல்லாம் உள்ளே புகுந்தது. பெட்ரோலை அளந்துவிடும் ஊசியும் தேய்ந்து, சில நாட்களில் நிரம்பி வழிந்தது. வண்டியைக் கிளப்பும்போது காற்றை அடைக்கும் சோக் கம்பி எப்போதோ அறுந்துபோயிருந்தது. தோப்பும்படி மெக்கானிக் அதை மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். "கழுவிப் போட்டா போதும்" என்பார் அத்தா, அரிசியைப் பற்றிச் சொல்வதைப் போல.

சோக்குக்குப் பதிலாக இருந்தது என் உள்ளங்கை. அத்தா சாவியைத் திருப்பும்போது நான் கார்புரேட்டரின் வாயைக் கையால் பொத்த வேண்டும். எஞ்சின் என் தோலை உறிஞ்சும். அது இரும ஆரம்பித்ததும் விரல்களை மெல்ல விலக்க வேண்டும். அண்ணன் பொத்தினால் மூச்சடைத்து நின்றுவிடும். அவன் கை பெரிது. என் கையில் மட்டும் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் மிஞ்சும், அந்த இடைவெளிதான் வண்டிக்குப் பிடித்திருந்தது. ஆகவே கல்யாண நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்கு வயிற்றுவலி வரும். நான்காம் வகுப்பில் வேறு யாருடைய கைக்கும் இப்படியொரு உத்தியோகம் கிடையாது.

ஓடுகிற எஞ்சினை நிறுத்தக் கூடாது என்பது எங்கள் வேனின் சட்டம். அத்தா கறிக்கடையில் இறங்கினாலும் வேன் தெருவில் உறுமிக்கொண்டே நிற்கும். ஆனால் ஜங்காரில் எஞ்சினை அணைக்க வேண்டும் என்பது ஜங்காரின் சட்டம். கயிறு கட்டும் சேட்டன் வந்து தகரத்தில் தட்டினார். வாயில் பீடி. அத்தா கெஞ்சிப் பார்த்துவிட்டு அணைத்தார்.

வைப்பின் கரை வந்தது. பலகை இறங்கியது. அத்தா சாவியைத் திருப்பினார்.

"மோளே, கை வை!"

வைத்தேன். எஞ்சின் இருமியது, நின்றது. மறுபடியும். "டப்" என்று என் கைக்குள் ஒரு சின்ன வெடி. சூடு சுரீரென்றது. கையை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அத்தா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், நான்தான் எடுக்கவில்லை.

பின்னால் ஹாரன்கள். "காக்கா, மீன் நாறும்!" என்று ஒரு லாரிக்காரர் அத்தாவை அண்ணன் முறை வைத்துக் கத்தினார். கயிற்றுச் சேட்டன் சிரித்தார்: "எந்தா காக்கா, பந்தி இவிடெயே போட்டாலோ?" எல்லோரும் சிரித்தார்கள். அத்தாவின் கழுத்து சிவந்தது. சாவியை விடாமல் திருப்பினார். பெட்ரோல் வாசனை குப்பென்று ஏறியது. எனக்கு அந்த வாசனை மிகவும் பிடிக்கும்.

"ஏங்க, நிறுத்துங்க" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

"நீ தம்மைப் பாரு!"

அம்மா பார்த்தாள். தம்மை அல்ல; வேனின் நனைந்த தரையை. பிறகு பக்கக் கதவை இழுத்துத் திறந்தாள். வேன் ஜங்காரின் ஓரக் கம்பியை ஒட்டி நின்றிருந்தது. கதவுக்கு வெளியே தண்ணீர். இரும்புக் கரண்டியால் முதல் தேக்சாவின் கனலை அள்ளி வீசினாள். சுர்ரென்று சத்தம், வெள்ளைப் புகை. மறுபடி அள்ளினாள். மூன்று மூடிகளும் வெறுமையாகும் வரை அவள் நிமிரவே இல்லை.

"பைத்தியமாடி உனக்கு? இன்னும் அரை மணி கிடக்கு!" அத்தாவின் குரல் உடைந்துவிட்டது.

"தம் ஆயிடுச்சு."

"ஆகலைடி!"

"ஆயிடுச்சுன்னா ஆயிடுச்சு. சாவியைத் தொடாதீங்க. மோளே, கையை எடுத்துட்டு இறங்கு."

அம்மா அத்தாவிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. கோணிகளால் தேக்சாக்களை இறுக்கிச் சுற்றினாள். பிறகு தலையில் போட்டிருந்த வெள்ளைத் துப்பட்டியை உருவி, முன்பக்கம் வந்து, எஞ்சின் பெட்டியையும் தரையையும் துடைத்து, அந்தத் துணியையும் தண்ணீரில் எறிந்தாள். கல்யாணத்துக்கென்று வெளுத்து வைத்திருந்த துப்பட்டி. கயிற்றுச் சேட்டன் குனிந்து வேனின் அடியில் பார்த்தார். பிறகு ஏனோ சிரிப்பை நிறுத்தினார். பீடியைத் தண்ணீரில் போட்டார். வாளி வாளியாக உப்புத்தண்ணீர் மொண்டு தளத்தில் ஊற்றினார். வண்டி கழுவ இதுவா நேரம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

போன வாரம் என் மகள் தன் தாத்தாவின் பழைய ஸ்கூட்டரின் கார்புரேட்டரைக் கழற்றி, ஒரு தட்டில் பெட்ரோல் ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இப்போது இருக்கும் பள்ளுருத்தியில் சாயங்காலக் கொசு தெரிந்ததுதானே. அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. நான் அதைப் பாய்ந்து எடுத்து வாய்க்காலில் எறிந்தேன். "என்னம்மா, கொசு கடிக்காதா?" என்றாள். பெட்ரோல் தட்டையும் தூக்கி வாசலில் வைத்தேன். அம்மா அன்று எப்படி அவ்வளவு நிதானமாகக் கனலை அள்ளினாள் என்றுதான் யோசிக்கிறேன்.

ஜங்காரில் சற்று நேரம் கழித்து அம்மா எஞ்சின் பெட்டிக்குள் முகர்ந்து பார்த்தாள். "இப்ப தள்ளச் சொல்லுங்க" என்றாள். மீன் லாரிக்காரர்களே இறங்கி வந்து தள்ளினார்கள். அத்தா கியரைப் போட்டார். நான் ஏறி உட்கார்ந்து கையால் பொத்தினேன். பலகையின் மேட்டில் வேன் ஒரு குலுங்கு குலுங்கியது, உள்ளங்கை உறிஞ்சப்பட்டது, விரலை விலக்கினேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது! சைக்கிள்காரர்கள் கூவினார்கள். அந்தக் கூவல் எனக்குத்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

கல்யாண வீட்டில் அத்தா மாவை உடைத்தபோது ஆவி பந்தல் வரை போகவில்லை. அவர் தலையைத்தான் தொட்டது. மேல் அடுக்கில் அரிசி கொஞ்சம் விறைப்பாக இருந்தது. அத்தா அதை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து புரட்டி எடுத்தார். அங்கே எல்லாம் பதமாக இருந்தது. கோணிகள் சூட்டைக் காப்பாற்றியிருந்தன. முதல் பந்தியில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். பெண்ணின் தகப்பனார் அத்தாவின் தோளைத் தட்டினார். நான் என் கறுத்த உள்ளங்கையைப் பார்க்கச் சம்மதித்த எல்லோருக்கும் காட்டினேன். அம்மா, தலையில் இரவல் துணியோடு, பெண்கள் பக்கம் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும்தான். ஆவியைக் கெடுத்தவள் அவள் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது.

கடைசிப் பந்தி முடிந்து, நாங்கள் காலித் தேக்சாக்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். குளித்து, சட்டை மாற்றியிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. ஜங்காரின் கயிற்றுச் சேட்டன். அந்தக் கரைக்காரர், அவருக்கும் கல்யாண அழைப்பு. சாப்பிட்ட கை இன்னும் ஈரமாக இருந்தது. அத்தாவிடம் வந்தார். அம்மாவை ஒருமுறை பார்த்து, கையை நெஞ்சில் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"காக்கா, பிரியாணி ஜோர்" என்றார் அத்தாவிடம். "இனி இக்கரைக்கு வரும்போ ஒரு காரியம். ஞங்களுக்கு ஆறின பிரியாணி போதும், கேட்டோ."

அத்தா தலை குனிந்தார். அம்மா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த பிரியாணியை, வயிறு நிறையத் தின்றுவிட்டு, ஆறிப்போனது என்கிறாரே இந்த மனிதர்.