ஒரு ஊரே என் காலில் விழுந்த நாள்

1. விழுந்தது

கம்போசிட்டராக நான் செய்த சாதனைகளில் முதலாவது, ஒரு முழு ஊரை என் கால் பெருவிரல்மேல் போட்டுக்கொண்டது. நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது. அச்சுக்கலைக்கு நான் செய்த வேறு எந்தச் சேவைக்கும் இவ்வளவு நல்ல அத்தாட்சி கிடையாது.

முப்பதுகளின் தொடக்கம். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழும்பிக்கொண்டிருந்த சமயம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் அச்சாபீஸ். ஒரு டிரெடில் மெஷின், அதை மிதிக்கக் காதர் பாய், எழுத்துக் கோக்க நான், எங்கள் இருவரையும் திட்ட முதலாளி ஐயர். புது நகரில் மனை விற்கும் நோட்டீஸ்தான் எங்களுக்கு அரிசி, பருப்பு.

அப்போது செங்கல்பட்டுப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றிலிருந்து ஒரு வேலை வந்தது. ஊர் உண்டாகி நூறு வருஷம், அதற்கு விழா மலர். நடுப்பக்கத்தில் ஊரின் நூற்றுச் சொச்சம் வீடுகளின் பெயர்ப் பட்டியல். தெரு வரிசைப்படி அல்ல. எந்த வீடு முதலில் வந்தது, எது அடுத்து வந்தது என்ற வரிசையில். மறுநாள் காலை விழா. அந்தப் பட்டியலை மேடையில் வாசிப்பதுதான் விழாவே. மற்றப் பக்கமெல்லாம் அடித்து முடித்தாகிவிட்டது. நடுப்பக்கம் மட்டும் பாக்கி.

கோத்த ஈய எழுத்தை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து முடுக்கினால் அதற்குப் பாரம் என்று பெயர். தூக்குவதற்குமுன் ஒரு ஓரத்தை லேசாக உயர்த்தி, விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் உள்ளே இடைவெளிக்கு ஈயம் போதவில்லை என்று அர்த்தம். ஈயத்துண்டு தேடச் சோம்பல்பட்டு நான் அங்கங்கே காகிதத்தை மடித்துச் சொருகியிருந்தேன். தட்டியும் பார்க்கவில்லை. ‘நம்ம கைக்குத் தெரியாதா’ என்ற எண்ணம்.

கைக்குத் தெரியவில்லை. காலுக்குத் தெரிந்தது.

சட்டமும் எழுத்தும் விழுந்த சத்தம் கேட்டுக் காதர் பாய் மிதிப்பதை நிறுத்தினார். “இன்னா நைனா, ஊரக் கட்டச் சொன்னா ஒடச்சிக்கினு கீறே” என்றார்.

ஐயர் உள்ளிருந்து ஓடிவந்தார். “சபாபதி, கையெழுத்துக் காப்பி எங்கே? அதைப் பார்த்து மறுபடி கோத்துடும்.”

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. புரூப் பாஸாகிவிட்டால் கையெழுத்துக் காப்பியும் புரூப்பும் மெஷினில் மை துடைக்கப் போய்விடும். அந்த மூலையைக் காட்டினேன். கறுப்பாக ஒரு குவியல்.

ஐயர் குவியலைக் காலால் புரட்டிப் பார்த்தார். “நாளைக் கார்த்தால விழா. பட்டியல் எழுதின விழாக் காரியதரிசி ஊரில இருக்கார். ஆள் போய் எழுதி வாங்கிண்டு வரதுக்குள்ள விழாவே முடிஞ்சுடும். நாளையிலேர்ந்து நீர் ஆத்துலயே இரும்” என்றார்.

2. நடந்தது

அந்த நேரம் பார்த்து, மலர்க்கட்டு வாங்கிப்போக அந்த ஊர் ஆள் வந்து நின்றார். பெயர் முனுசாமி. நாற்பது வயதிருக்கும். உள்ளங்கை இரண்டும் தீயில் காய்ந்து தோல்போல் தடித்திருந்தன. நடந்ததைச் சொன்னோம். தரையில் சிதறிய ஈயத்தைப் பார்த்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா அந்த வரிசை எனக்கு வரும். நான்தான் நெருப்பு எடுக்கறவன்” என்றார்.

அவர்கள் ஊரில் முதல் வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு வாங்கித்தான் இரண்டாவது வீட்டில் அடுப்பு மூட்டினார்களாம். அப்படியே ஒவ்வொரு புது வீடும். வருஷா வருஷம் ஊர் பிறந்த நாளன்று எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு, முதல் வீட்டு நெருப்பைச் சட்டியில் ஏந்தி, வீடுகள் வந்த வரிசையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது முனுசாமி குடும்பத்து வேலை.

“சொல்லும்” என்று ஐயர் நாற்காலி போட்டார்.

முனுசாமி உட்கார்ந்து மூன்று பெயர் சொன்னார். நாலாவது வரவில்லை. எழுந்து நின்றார். “குந்திக்கினு சொன்னா வராதுங்க. நடக்கணும்.”

நடந்தார். கைகளைச் சட்டி பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு, எங்கள் பத்தடிக் கூடத்தில். மெஷின்வரை போய் ஒரு பெயர். திரும்பி என் எழுத்துப் பெட்டியருகே ஒன்று. வாசற்படியில் இரண்டு. மறுபடி மூலைக்கு. ஓர் இடத்தில் குனிந்தார்; அங்கே வேப்பங்கிளை தாழ்வாம். நான் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைப் பிடித்தபடி அவர் வாயிலிருந்து நேரே கோத்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே அந்தத் தெருக்கள் தெரிய ஆரம்பித்தன. பெட்டியில் எழுத்து தீரத் தீர, காதர் பாய் தரையில் கிடந்ததைப் பொறுக்கிக் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் ஐயரும் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பொறுக்குகிறார். அவர் தரையில் உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

நடுவில் முனுசாமி நின்றார். ஏந்திய கைகளைத் தாழ்த்தினார்.

“மறந்துபோச்சா?” என்றேன்.

“இல்லிங்க. இங்க ஒரு வூடு. வாந்திபேதியில ஒரே வாரத்துல எல்லாரும் பூட்டாங்க. சட்டிய வாசல்ல எறக்கி வச்சி, ஒரு மூச்சு நின்னுட்டுத்தான் போவேன்.”

“காப்பியில இது இல்லையே.”

“ஆளில்லாத வூடு எதுக்குன்னு காரியதரிசி ஐயா வுட்டுட்டாருங்க.”

ஐயரைப் பார்த்தேன். தரையிலிருந்தபடியே, “ஒரு வரி காலியா விடும்” என்றார்.

அப்படி ஏழு இடங்களில் நின்றார். ஒரு குடும்பம் ரங்கூனுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரு வீட்டுக்காரர் எங்கே போனார் என்றே தெரியாது. ஏழு வரி.

புரூப் எடுத்து ஐயர் உரக்க வாசித்தார். முனுசாமி மறுபடி நடந்தார். முதல் காலி வரியை ஐயர் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார். முனுசாமியின் கால் நகரவில்லை. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மூச்சு நின்று, பிறகு வாசித்தார். அதன்பின் மற்ற ஆறு இடங்களிலும் யாரும் சொல்லாமலே நின்றார். காதர் பாயும் அப்போதெல்லாம் எதையும் பொறுக்கவில்லை. பட்டப்பகல், சந்தில் காய்கறிக்காரி கூவிக்கொண்டு போகிறாள், உள்ளே முனுசாமியோடு நாங்கள் மூன்று பேர், பார்த்தே இராத ஒரு பூட்டிய வீட்டு வாசலில் நிற்கிறோம்.

பாரத்தை முடுக்கினேன். ஒரு துண்டுக் காகிதம்கூடச் சொருகவில்லை. ஓரத்தை உயர்த்தித் தட்டினேன். அசையவில்லை.

“தூக்கு நைனா. காலை மட்டும் தள்ளி வச்சிக்கோ” என்றார் காதர் பாய்.

முனுசாமி காலி வரி ஒன்றில் விரலை வைத்தார். “இதுக்குள்ள இன்னாங்க இருக்குது?”

“ஈயந்தான். எழுத்துக்கு இருக்கற அதே ஈயம். உசரம் கொறச்சல், அதனால மை படாது. ஆனா இத எடுத்துட்டா மத்ததெல்லாம் உதிர்ந்துடும்” என்றேன்.

அவர் விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நடுப்பக்கம் அடித்துத் தைத்ததும், சாயங்கால ரயிலுக்கு மலர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

3. வந்தது

மறுநாள் வேலைக்கு வராதே என்று யாரும் நினைவுபடுத்தாததால் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் காரியதரிசியிடமிருந்து ஒரு கார்டு. ‘நடுப்பக்கத்தில் ஏழு வரிகள் விட்டுப்போயிருக்கின்றன. அச்சாபீஸில் கவனக்குறைவு’ என்று தொடங்கியது. ஐயர் என்னைக் கூப்பிட்டு மிச்சத்தையும் படிக்கச் சொன்னார். ‘ஆனால் மேடையில் நான் வாசித்தபோது, அந்த இடம் வரும்போதெல்லாம் ஊர் மொத்தமும் தலை கவிழ்ந்து நின்றது. நானும் நின்றேன்.’

என்னிடம் தொழில் கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். தூக்குமுன் தட்டிப் பாருங்கள். காலி இடத்துக்கும் ஈயம் போடுங்கள், காகிதம் சொருகாதீர்கள். நம்பாதவர்களுக்குச் செருப்பைக் கழற்றி நகத்தைக் காட்டுகிறேன்.