சுலோஜனாவின் ஐந்தங்குல ஆடி

லிங்கநகரில் சுலோஜனா அக்காவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் வாய்க்காரி என்பார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. திருகோணமலை நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பன்னிரண்டு வருடமாக வில்லை தீட்டிச் சட்டத்தில் பொருத்துகிறவர் அவர். நான் அதே கடையின் முன்மேசையில் இருக்கிறேன். பெரிய டொக்டர் எழுதிய சீட்டிலேயே பிழை கண்டுபிடித்து, "இதைத் திருப்பி எழுதிக் கொண்டு வாங்கோ" என்று ஆளை அனுப்பியவர் அக்கா. அப்படிப்பட்டவர் ஒரேயொரு விடயத்தில் மட்டும் ஒன்பது வருடம் பேசாமல் இருந்தார்.

2010ஆம் ஆண்டு, தைப்பொங்கலுக்கு மறுநாள் சூரியகிரகணம். அக்காவுக்கு அப்போது ஆறு மாதம் முடிந்திருந்தது. கிரகண நேரத்தில் பசித்தது, குசினிக்குப் போய்க் கத்தரிக்காய் வெட்டிச் சமைத்தார். சித்திரையில் மகள் லக்சிகா பிறந்தபோது மேலுதடு பிளந்திருந்தது. புருஷனின் தமக்கை பாக்கியரத்தினம் அடுத்த வளவில் இருப்பவர். பிள்ளையைப் பார்த்த கையோடு தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கிரகணத்தில கத்தி பிடிச்சவள். வேற என்ன நடக்கும்?"

சத்திரசிகிச்சை செய்து உதடு சேர்ந்தது. மெல்லிய தழும்பு மட்டும் மிச்சம். கர்ப்பத்தின் இரண்டாம் மாதத்திலேயே உதடு கூடிவிடும், கிரகணம் வந்தபோது அந்த வேலை முடிந்து எவ்வளவோ நாள் என்று டொக்டர் அப்போதே விளங்கப்படுத்தினார். கேட்டு என்ன? அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிரகணத்துக்கும் அக்கா கத்தியைத் தொடவில்லை. நானும் புத்தி கெட்டுப்போய் ஒருநாள், "ஏன் அக்கா வெட்டினீங்க?" என்று கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

2019 டிசம்பர் இருபத்தாறாம் திகதி மறுபடி கிரகணம், இந்த முறை எங்கள் ஊருக்கு நேரே சூரியன் வளையமாகத் தெரியும் என்று சொன்னார்கள். பாக்கியரத்தினத்தின் மகள் நிரோஜினி அப்போது வயிற்றில் பிள்ளையோடு தாய்வீட்டில் இருந்தாள். ஒருநாள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் பாக்கியரத்தினம் லக்சிகாவைக் காட்டி மகளுக்குச் சொன்னார்: "இந்தப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்தாவது அண்டைக்கு அறைக்குள்ள கிட."

அன்று பின்னேரம் லக்சிகா தாயிடம் கேட்டாளாம்: "அம்மா, நான் உங்கட பிழையா?"

மறுநாள் கடையில் அக்கா என்னிடம் சொன்னார்: "அஸ்மியா, நான் தொலைநோக்கி வாங்கப் போறன். அந்தக் கிரகணத்தை முகத்துக்கு நேர பாக்கப் போறன்."

அவர் கணவர் ஆனந்தராசா துறைமுகத்தில் வேலை. நல்ல மனிதர், ஆனால் பெட்டியில் இருக்கும் படத்தைப் பார்த்து மயங்குகிறவர். நீளக் குழாய், மூன்று மெல்லிய கால், 675 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று எழுதியிருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா விடவில்லை. "675 மடங்கு எண்டால் மங்கலைத்தான் பெருப்பிச்சுக் காட்டும். அதுவும் அந்தக் காலில வைச்சால் காத்துக்கே ஆடும். எவ்வளவு வெளிச்சத்தை அள்ளுது எண்டதைத்தான் பாக்கவேணும்" என்றார். கடைசியில் கொழும்பிலிருந்து வந்தது ஒரு கட்டைக் குழாய். அடியில் ஐந்தங்குலக் குழிவு ஆடி, கண் வைக்கும் வில்லை குழாயின் பக்கவாட்டில், மேசையில் வைத்துத் திருப்ப ஒரு மரத்தட்டு. கால் கிடையாது. பார்க்கச் சட்டியும் மூடியும் போலத்தான் இருந்தது.

முதல் நாள் பகலில் அக்கா துறைமுகப் பாரந்தூக்கியின் உச்சியைப் பிடித்து, இலக்குப் பார்க்க மேலே இருக்கும் சிறிய குறிகாட்டியையும் பெரிய குழாயையும் ஒரே இடம் பார்க்கும்படி திருகித் திருகிச் சரிசெய்தார். ஆனந்தராசா கண் வைத்துப் பார்த்துவிட்டு அலறினார்.

"இது பழுதப்பா! எல்லாம் தலைகீழாய்த் தெரியுது!"

"ஆடியில அப்பிடித்தான். வானத்தில எது மேல், எது கீழ் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

மழைக்காலம். வானம் திறந்த பின்னேரங்களில் எல்லாம் அக்கா நிலாவைப் பார்த்துப் பழகினார். உப்புக்காற்றுப் படாமல் ஆடியை மூடிவைத்தார், விரலால் துடைக்க யாரையும் விடவில்லை. சூரியனைப் பார்க்கவென்றே செய்த கரும்படலத்தை வரவழைத்து, ஊசித்துளை இருக்கிறதா என்று கடை விளக்கில் பிடித்துப் பார்த்து, குழாயின் வாயில் இறுக்கிக் கட்டினார். படலம் இல்லாத குறிகாட்டியில் யாரும் கண் வைத்துவிடாமல் அதைக் கழற்றி அலுமாரியில் பூட்டினார். "படலம் இல்லாமல் ஒரு கணம் பாத்தாலும் கண் போயிடும். அதுக்கு மட்டும் பயப்படுங்கோ, மற்றதுக்குப் பயப்பட வேண்டாம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

2004இல் சுனாமியாகக் கடல் வந்த அதே திகதி என்பதால் ஊருக்கு இரட்டைப் பயம். காலையில் ஒழுங்கையில் ஒரு சனமில்லை. அக்கா முற்றத்தில் மேசையைப் போட்டார். குழாயின் நிழல் நிலத்தில் எப்போது சிறுத்து வட்டமாகிறதோ அப்போது அது சூரியனைப் பார்க்கிறது, அப்படித்தான் பிடித்தார். நாலைந்து பேர் துணிந்து வந்தோம். மேகம் வந்து வந்து விலகியது. சூரியன் கடித்த தோசையாகி, பிறையாகி ஒடுங்கியது. வெயில் மங்கி, காகங்கள் கத்தின.

அப்போது வேலிப் படலையடியில் நிரோஜினி வந்து நின்றாள், எட்டு மாத வயிற்றோடு.

"மாமி, நானும் ஒருக்காப் பாக்கட்டோ?"

பின்னால் பாக்கியரத்தினம் ஓடிவந்தார். "உள்ள போடி! உனக்கென்ன விசரே?"

அக்காவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அந்த வயிற்றுப் பிள்ளைக்கு நாளை ஒரு மறு இருந்தால்கூடப் பழி யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். "ஏலாது, போ பிள்ளை" என்று சொன்னால் போதும், பாக்கியரத்தினமே நன்றி சொல்லியிருப்பார். ஆனால் லக்சிகா பக்கத்தில் நின்று தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிரோஜினியைத் திருப்பி அனுப்பினால், அன்று மகள் கேட்ட கேள்விக்கு ஓம் என்று பதில் சொன்னதாகிவிடும்.

"வா பிள்ளை" என்றார் அக்கா. "குனியத் தேவையில்லை. கண் வைக்கிறது பக்கத்திலதான்."

பிறகு மச்சாளைத் திரும்பிப் பார்த்தார்.

"கேளுங்கோ மச்சாள். பிள்ளைக்குச் சொண்டு கூடுறது இரண்டாம் மாசத்தில. கிரகணம் வரேக்க எனக்கு ஆறு மாசம் முடிஞ்சுது. நிரோஜினின்ர பிள்ளைக்கு நாளைக்குச் சளி பிடிச்சாலும் நீங்கள் என்னைத்தான் சொல்லுவீங்கள். சொல்லுங்கோ. என்ர வாசலில வந்து நிண்டு சொல்லுங்கோ. ஆனால் லக்சிகாவைக் காட்டி இனி ஒரு கதை கதைக்கக் கூடாது."

பாக்கியரத்தினம் படலையைப் பிடித்தபடி நின்றார். நிரோஜினி கண் வைத்தாள். "வளையம் வந்திட்டுது மாமி!" என்று சிரித்தாள்.

அவளுக்குப் பிறந்த பிள்ளை எப்படி என்று என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். நல்லதைச் சொன்னாலும் கெட்டதைச் சொன்னாலும் அதையும் கிரகணத்தின் தலையில் கட்டுவார்கள்.

லக்சிகா வளையத்தைப் பார்க்க வரவில்லை. தாயைத்தான் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் அதை எப்பவும் நம்பேல்லைத்தானே?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நம்பினனான்" என்றார் அக்கா. "ஒன்பது வருசம் நம்பினனான். உனக்குத் தலை வாரி இழுக்கேக்க, சோறு தீத்தேக்க எல்லாம் நம்பினனான். இனி நம்ப மாட்டன். வா, வளையம் மூண்டு நிமிசம்தான் இருக்கும்."

லக்சிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.