ஸ்டெல்லா அழித்த கேசட்

ஸ்டெல்லா போய்விட்டாள் என்று காமாட்சிதான் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். உங்களில் பலருக்கு அவர் ஸ்டெல்லா டீச்சர். எனக்கு அப்படி மரியாதையாக எழுத வரவில்லை. ஆவடிப் பக்கம் நாங்கள் மூவரும் ஒன்றாகப் பால்வாடி வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவள் மகள் மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, அம்மா பேசின கேசட் எதுனா உங்ககிட்ட கீதா? ஊட்ல போட்டோ கீது. குரல் இல்ல" என்றாள்.

எண்பதுகளில் எங்கள் பால்வாடிகளுக்கு டேப் ரெக்கார்டர் கொடுத்தார்கள். பாட்டு கேசட்டைப் போட்டுப் பிள்ளைகளைப் பாடவைக்க வேண்டும் என்பது உத்தரவு. உடைந்தால் யார் பதில் சொல்வது? பூப்போட்ட உறை தைத்து மாட்டி, பீரோவில் பூட்டிவைத்தோம். ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துப் பொட்டு வைத்ததோடு சரி. நெமிலிச்சேரி பால்வாடியில் இருந்த ஸ்டெல்லா ஒருத்திதான் துணிந்து, பதிவு செய்யும் அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்திப் பார்த்தவள்.

ஒரு மாதக் கூட்டத்துக்குத் தன் வகுப்பையே பதிவு செய்து கொண்டுவந்தாள். "இது இன்னா கலரு?" என்று அதில் கேட்கிறாள். பிள்ளை மூச்சு விடுவதற்குள் "பச்சை" என்று அவளே சொல்லிவிடுகிறாள். அடுத்த கேள்விக்கும் அவளே பதில். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவளும் சிரித்தாள். "புள்ளைக்கு வாயத் தொறக்க நேரமே குடுக்கல பாரு. நானே கேட்டு நானே படிச்சிகினு கீறேன்" என்றாள்.

அதன் பிறகு எங்களுக்கும் துணிச்சல் வந்தது. பயிற்சி முகாம்களில் மணிக்கணக்காக உட்கார்ந்தும் ஏறாதது, எங்கள் குரலை நாங்களே கேட்டபோது ஏறியது. அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: எல்லோரும் கேட்டு முடித்ததும் அழித்துவிட வேண்டும். பதிவு செய்ய இருந்தது ஒரே கேசட். ஒருத்தியின் வகுப்பின் மேலேயே அடுத்தவள் வகுப்பு பதிவாகும். "நாம திருந்தறதுக்குத்தான் இது. யாரையும் மாட்டி வுடறதுக்கு இல்ல" என்பாள்.

காமாட்சியின் முறை வந்தபோது, அவள் ஒரு குழந்தையை அடித்தது பதிவில் கேட்டது. காமாட்சி தலை கவிழ்ந்து அழுதாள். அதற்குள் எங்கள் மேற்பார்வையாளர் அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டார். "அந்த கேசட்டைக் குடும்மா, ஆபீசுக்கு அனுப்பணும்" என்றார். அனுப்பினால் வேலை போய்விடும். காமாட்சி சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. "சாப்ட்டு வாங்க மேடம், எடுத்து வெக்கறேன்" என்றாள் ஸ்டெல்லா. அவர் சாப்பிடப் போனதும், தண்டவாளத்தைப் பார்த்த ஜன்னலில் மிஷினை வைத்துச் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். மேடம் வந்து போட்டுப் பார்த்தபோது ரயிலும் காக்கையும்தான் கேட்டன.

"பட்டன மாத்தி அமுக்கிட்டேன் மேடம்."

அவர் நம்புவாரா? ஸ்டெல்லாவை வெள்ளானூருக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் காமாட்சியை அவள் சும்மா விடவில்லை. மறுநாளே அந்தக் குழந்தையின் வீட்டுக்கு இழுத்துப்போய், அதன் தாயிடம் நடந்ததைச் சொல்லவைத்தாள். காமாட்சி அதன் பிறகு எந்தப் பிள்ளை மேலும் கை வைத்ததில்லை. "எங்கியோ தள்ளிட்டாங்களேடி" என்று நான் புலம்பினால், "வெள்ளானூர்லயும் புள்ளைங்க கீதுங்க" என்பாள்.

அதன் பிறகு யாரும் அதில் பதிவு செய்யவில்லை; அந்த கேசட் என்னிடம்தான் இருந்தது. மெர்சி கேட்ட அன்றே வீட்டுக்கு வந்து, இரண்டு பக்கமும் முழுக்க ஓட்டினேன். ரயில் போகிறது. காக்கை கரைகிறது. பக்கத்தில்தான் நின்றிருந்தாள் பாவி, ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா என்று வாய்விட்டு அழுதேன்.

மெர்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகு நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் ஆறுதல் என்று எதையும் சொல்லாமல் காத்திருந்தேன். கேட்டுவிட்டு, சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் வாய் திறக்கும் வரை சும்மா இருப்பது ஸ்டெல்லாவிடம் நான் கற்றது. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

கடைசியில் மெர்சி சொன்னாள்: "அம்மா அழிச்சது நல்லதுதான் ஆன்ட்டி. ஆனா ஒரே ஒரு வாட்டி கேக்கணும் போல கீது."